எந்தச் சந்தை அடைப்பது, எதை விடுவது?

(கோடைக்காலப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன மே மாதம் எங்கள் வீட்டில் ராத்திரி முழுக்க ஏசி ஓடியும் அறை குளிரவில்லை. கேஸ் குறைந்திருக்கும் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் மெஷினைத் தொடவே இல்லை. கதவடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், குளிரெல்லாம் ஹாலுக்குப் போகுது" என்றார். அரை இஞ்ச் சந்துதான்.

குளிர்ந்த காற்று கனமானது. தரையோடு தரையாகக் கதவடியில் வெளியேறும். அந்த இடத்துக்கு ஜன்னல் இடுக்கு, ஏசி குழாய் போகும் ஓட்டை, வென்டிலேட்டர் வழியாக வெளிக்காற்று வரும். நம்முடையது கடற்கரைக் காற்று, ஈரம் அதிகம். அந்த ஈரத்தைப் பிழிந்தெடுக்கவும் ஏசிக்குக் கரண்ட் வேண்டும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் போய்விடும்.

ராத்திரியில் அறை விளக்கை அணைத்துவிட்டு ஹால் விளக்கைப் போடுங்கள். கதவைச் சுற்றி எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே காற்றும் போகும். கதவடிக்கு ரப்பர் பட்டை, ஜன்னல் சட்டத்துக்கு ஒட்டும் ஃபோம் டேப், குழாய் ஓட்டைக்குப் புட்டி. எல்லாம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வாடகை வீடா? பழைய புடவையைச் சுருட்டிக் கதவடியில் வைத்தாலே போதும். ஜன்னலோரம் படியும் தூசும் குறையும்.

ஆனால் அடைப்பது ஏசி அறையை மட்டும்தான். சமையலறையை அடைக்கவே கூடாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும். கேஸ் கீசர் இருக்கும் குளியலறை வென்டிலேட்டரையும் மூடாதீர்கள். அடைத்த அறையில் குழந்தைக்குச் சாம்பிராணி போடக் கரி நெருப்பு வேண்டாம். அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷவாயு இருக்கிறது. தினமும் காலையில் ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள்.

இன்னொன்று. 2023 டிசம்பர் 26 ராத்திரி, பெரியகுப்பம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு நேரத்தில் 'வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்று அதிகாரிகள் அறிவித்தால், கதவு ஜன்னலை மூடி, ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தி, சந்துகளில் ஈரத்துணியைச் செருகுங்கள். அம்மோனியா தண்ணீரில் கரையும்; மூக்கிலும் ஈரத்துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். அடைத்த அறை கொஞ்ச நேரம்தான் தாங்கும். வீட்டுக்குள்ளேயே நெடி ஏறிவிட்டால் காத்திருக்காதீர்கள். காற்றோடு ஓடாமல், காற்றுக்குக் குறுக்காக விலகிப் போங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டில் ஒரு அறையைப் பாருங்கள். அப்படியே பக்கத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டையும் பார்த்துக் கொடுங்கள்.