பொலநறுவையில் நடந்து கண்டவை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் வாலிபர் பகுதியின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



சென்ற ஆண்டு நம் சங்கத்தின் வழக்கமான சுற்றுலாவுக்குப் பதிலாக நாங்கள் 11 பேர் பொலநறுவைக்குப் போய், ஒரு வழிகாட்டியோடு ஒரு பகல் முழுவதும் கால்நடையாக அப்பழைய நகரத்தைப் பார்த்து வந்தோம். அதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் பணித்திருக்கிறார்கள். இதற்கு நிருவாக சபையில் எழுந்த ஆட்சேபங்களையும் நாங்கள் அறிவோம். "ஐம்பது பேர் போகக்கூடிய பணத்தில் பதினொரு பேர் போவது என்ன நியாயம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார்கள். "அங்கே இடிந்த சுவர்தானே இருக்கிறது, அந்தக் காசுக்குக் கதிர்காமம் போய் வரலாமே" என்றார்கள் இன்னொருவர். இரண்டும் கேட்கத் தகுந்த கேள்விகளே. அவற்றுக்குப் பதில் சொல்லத்தான் இங்கே நிற்கிறோம்.

எங்களில் அநேகர் மிஷன் பாடசாலைகளில் படித்தவர்கள். உரோமாபுரி ஏழு குன்றுகளின் மேல் எழுந்தது என்பதும், புளோரன்ஸ் நகரத்தில் மெடிச்சி குடும்பத்தார் சிற்பிகளை ஆதரித்தார்கள் என்பதும் எங்களுக்குச் சிறு வயதிலேயே பாடம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரத்தோட்டையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், தமிழ் எழுத்துப் பொறித்த கற்கள் நிற்கும் ஒரு தலைநகரம் இருக்கிறதே, அதன் தெருக்களில் எங்களில் ஒருவர்கூட நின்று நிதானித்து நடந்ததில்லை. பஸ்ஸில் போய் வந்தவர்கள் உண்டு. அவர்களைக் கேட்டால் படுத்த புத்தர் சிலையையும் குரங்குகளையும் சொல்வார்கள்.

ஏன் 11 பேர்? இத்தாலி நாட்டில் பழைய நகரங்களைச் சிறு சிறு கூட்டமாக, கற்றறிந்த ஒரு வழிகாட்டியின் பின்னால் நடந்து பார்ப்பது நெடுங்காலமாக வேரூன்றிய வழக்கம். அங்கே வழிகாட்டி என்பவர் பரீட்சை எழுதி உத்தரவுப் பத்திரம் பெற்றவராக இருக்க வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே பரீட்சை என்று 2023ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு சட்டமும் செய்தார்கள். வெனிஸ் நகரத்தாரோ ஒரு கூட்டத்தில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, வழிகாட்டி ஒலிபெருக்கி வைத்துக் கத்தக் கூடாது என்று 2024இல் விதித்தார்கள். ஊர்க்காரரின் நிம்மதிக்காகச் செய்த விதி அது. ஆயினும் அதனால் பார்க்க வந்தவனுக்கும் நன்மையே. ஐம்பது பேருக்குச் சொல்லப்படுவது அறிவித்தல். பத்துப் பேருக்குச் சொன்னால்தான் அது பேச்சு. பின்வரிசையில் நிற்பவனுக்கு ஒரு சந்தேகம் தோன்றினால் அவன் வாய் திறந்து கேட்கலாம். நாங்கள் கேட்ட கேள்விகளால்தான் எங்கள் பகல் பயனுள்ளதாயிற்று. அதைப் பின்னர் சொல்கிறோம்.

போகும் வழியைப் பற்றி ஒரு வார்த்தை. மாத்தளையைக் கடந்து, நாலந்தை, தம்புள்ளை என்று வடக்கே போகும் அந்த வீதி நமக்குப் புதியதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், கோப்பித் தோட்டக் காலத்திலே, நம் பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டையும் காய்ச்சலையும் வாந்திபேதியையும் கடந்து, இந்தத் திசையில்தான் கால்நடையாக மாத்தளைக்கு வந்தார்கள். வராமல் வழியிலேயே மடிந்தவர்களும் பலர். அவர்கள் தெற்கு நோக்கி நடந்த வழியில் நாங்கள் வடக்கு நோக்கிப் பஸ்ஸில் போனோம். நாலந்தையில் இறங்கி, திராவிடச் சிற்பமுறையில் கல்லால் அமைந்த கெடிகே என்னும் பௌத்த ஆலயத்தையும் பார்த்தோம். போவத்தன்னை நீர்த்தேக்கம் எழுந்தபோது அதைக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டு நிலத்தில் மறுபடியும் கட்டினார்கள். அதைப் பற்றித் தனியே பேச வேண்டும், இன்று நேரமில்லை.

பொலநறுவையில் எங்களை ஏற்றுக்கொண்ட வழிகாட்டி அறுபது வயதைக் கடந்த ஒரு சிங்களப் பெரியவர். நாங்கள் அவரை மாத்தையா என்றோம். அவர் எங்களை மல்லி, நங்கி என்றார். அவர் அறிந்தவை சிங்களமும் ஆங்கிலமும். தமிழில் "வாங்க தம்பி", "தண்ணி குடிங்க" என்ற அளவில் சொல்வார். எங்களில் சிங்களம் நன்றாகத் தெரிந்த இருவர் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார்கள். தமிழில் சொல்லக்கூடிய வழிகாட்டி கிடைப்பாரா என்று முன்கூட்டியே விசாரித்தோம், எங்களுக்குக் கிடைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் எங்களை இடிபாடுகளுக்கு அழைத்துப் போகவில்லை. நூதனசாலைக்கு அழைத்துப் போனார். "முழுசாக இருந்தபோது எப்படி இருந்தது என்று தெரியாதவனுக்கு உடைந்தது விளங்காது" என்றார். அங்கே பழைய கட்டடங்கள் எவ்வாறு இருந்திருக்கலாம் என்று காட்டும் மாதிரிகள் உண்டு. கடைசிப் பகுதியிலே நம் தெய்வங்கள் வெண்கலத்தில் நின்றார்கள். இந்நகரத்துச் சிவாலயங்களில் மண்ணுக்குள் கிடந்த திருவுருவங்கள் 1907, 1908ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் ஆணையாளர் பெல் என்பவரின் காலத்தில் வெளிப்பட்டன. 1960இலும் சில கிடைத்தன. பல உருவங்கள் கொழும்பு நூதனசாலைக்குப் போயின. ஆனந்த குமாரசுவாமி அவர்களும் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களும் இவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி உலகறியச் செய்தார்கள். கண்ணாடிக்குள் ஆடுகின்ற நடராசப் பெருமானின் முன் எங்களில் ஒரு தங்கை செருப்பைக் கழற்றினாள். காவலாளி அவளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பின்னர் நடந்தோம். சோழர் 993ஆம் ஆண்டளவில் அநுராதபுரத்தை வீழ்த்திய பின்பு தங்கள் ஆட்சியை இங்கே அமைத்து, இதற்குச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1070இல் முதலாம் விசயபாகு அவர்களைத் துரத்தி, விசயராசபுரம் என்றார். 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு அதைப் பெருநகராக்கினார். ஆட்சி மாறும்போது பெயரும் மாறுவது இன்றைய புதுமையன்று. அரண்மனையின் செங்கல் மதில்கள் மூன்று மீற்றர் கனம் என்று வழிகாட்டி சொன்னார். எங்களில் ஒருவர் கையை விரித்து அளந்து பார்த்து ஒப்புக்கொண்டார்.

வட்டதாகே என்னும் வட்ட வடிவமான கோயிலின் வாசலில் அவர் எங்களைக் கீழே பார்க்கச் சொன்னார். சந்திரவட்டக்கல். "அநுராதபுரத்துக் கல்லில் யானை, குதிரை, சிங்கம், எருது நான்கும் இருக்கும். இங்கே எருது இருக்கிறதா, பாருங்கள்." நாங்கள் குனிந்து தேடினோம். இல்லை. "ஏன்?" என்று கேட்டோம். எருது சைவர்களுக்கு வணக்கத்துக்குரியது, அதைக் காலால் மிதிக்கும்படி விடலாகாது என்று எடுத்துவிட்டார்கள் என்பது வழிகாட்டிகள் சொல்லும் காரணம். அவரும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு, "நான் இதை நேரே கண்டவன் அல்லன், என் குரு சொன்னார்" என்று சிரித்தார். எங்களுக்கு அவர்மேல் மதிப்பு ஏற்பட்டது அந்த இடத்தில்தான். அறிந்ததையும் கேட்டதையும் பிரித்துச் சொல்பவர் அதிகம் பேர் இல்லை.

அந்த முற்றத்திலேயே நிசங்கமல்லனின் கல்பொத்த, அதாவது கற்புத்தகம், கிடக்கிறது. எட்டு மீற்றருக்கு மேல் நீளம், 25 தொன் எடை என்கிறார்கள். அதில் தன் புகழைத் தானே நிறைய எழுதிக்கொண்டான் மன்னன். அதை விட்டுவிடுவோம். அதற்கு அப்பால், அட்டதாகேயின் பக்கத்தில், ஒரு கல் நிற்கிறது. சுற்றுலாப் பஸ்களில் வருவோர் பெரும்பாலும் அதன் முன் நிற்பதில்லை. அது வேளைக்காரர் கல்வெட்டு. தமிழ்க் கல்வெட்டு.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல எங்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். முதலாம் விசயபாகு சோழரை வென்ற மன்னர். அவருடைய சேனையிலே வேளைக்காரர் என்ற தமிழ்ப்படையினர் இருந்தார்கள். சோழரோடு போருக்குப் போகச் சொன்னபோது அவர்கள் ஒரு முறை கலகமும் செய்தார்கள் என்று சூளவம்சம் கூறுகிறது. ஆனால் இந்தக் கல் வேறொன்றைச் சொல்கிறது. விசயபாகுவின் ஆணைப்படி தேவசேனாபதி என்பவர் புத்தபிரானின் தந்ததாதுவுக்கு இந்நகரத்தில் ஓர் ஆலயம் எழுப்பினார். பின்னாளில் சங்கத் தலைவரான பெரியதேரர் வேளைக்காரரை அழைத்து, இவ்வாலயத்தைக் காக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் அதை ஏற்று, அதற்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி என்று தங்கள் பெயரையே இட்டு, எவ்வித இடர் வந்தாலும் காப்போம் என்று உறுதி செய்து, அதைத் தங்கள் தாய்மொழியில் கல்லிலே வெட்டிவைத்தார்கள்.

இக்கல்லைப் பார்த்ததும் எங்களில் ஒருவர் கொஞ்சம் உரத்த குரலில், "அப்படியானால் இந்த ஊர் எங்களுடையதுதானே" என்றார். சிங்களத்தில் சொன்னார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. வழிகாட்டி கோபிக்கவில்லை. "மல்லி, இதிலே எழுதியிருப்பது இது யாருடையது என்றா, இதை யார் காப்பது என்றா?" என்று கேட்டார். நண்பரும் விடவில்லை. "காத்தவர்களின் பெயரைப் பாடப் புத்தகத்தில் நான் காணவில்லையே, மாத்தையா" என்றார். பெரியவர் சிறிது யோசித்துவிட்டு, "அது உண்மை" என்றார். நாங்கள் அறிந்த மட்டில் அன்றைய நாளின் மிக நல்ல சம்பாஷணை அதுதான். ஐம்பது பேர் கூட்டத்தில் அது சண்டையாகியிருக்கும். அல்லது எழுந்தே இராது.

நடுப்பகலில் குரங்குகள் எங்கள் சோற்றுப் பார்சலில் இரண்டைக் கொண்டு போயின. மணல் கொதித்தது. கோயில்களில் செருப்புக் கழற்ற வேண்டியிருப்பதால், காலுறை போட்டு வந்தவர்கள் மட்டும் மகான்களைப் போல் நடந்தார்கள். அடுத்த முறை போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: காலுறை, தோளும் முழங்காலும் மறைக்கும் உடை, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது; அது அவர்களுக்கு மனவருத்தம் தரும்.

பிற்பகலில் இரண்டாம் சிவாலயத்துக்குப் போனோம். சோழர் காலத்தில் முழுவதும் கல்லால் கட்டிய சிறு கோயில். அரசி ஒருத்தியின் பெயரால் வானவன் மாதேவி ஈச்சரம் எனப்பட்டது. பொலநறுவையின் பெரிய செங்கல் மாளிகைகள் எல்லாம் கூரையிழந்து நிற்க, இந்தச் சிறு கோயிலின் விமானம் இன்றும் முழுமையாக இருக்கிறது. கருவறையில் இலிங்கம் உண்டு. சுவரில் தமிழ் எழுத்துகள். வழிகாட்டி எங்கள் பக்கம் திரும்பி, "இதை நான் இத்தனை வருடமாக வெள்ளைக்காரருக்குக் காட்டுகிறேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கள் வாசியுங்கள்" என்றார்.

நாங்கள் சுவரருகே போனோம். க தெரிந்தது, ர தெரிந்தது, ஓரிடத்தில் ஒரு முழுச் சொல்லையும் ஊகித்தோம். அதற்கு மேல் நகர முடியவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய எழுத்து, பயிற்சியின்றி வாசிக்க வராது, இதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தப் பெரியவர் காத்துக்கொண்டு நின்றார். அவ்விதம் காத்து நின்ற ஒருவருக்கு நம்மிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்பதுதான் எங்களை வருத்தியது. பின்பு எங்களில் ஒருவர் தேவாரம் ஒன்று பாடினார். பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்.

கல்விகாரையை மாலை வெயிலில் கண்டோம். பதினான்கு மீற்றர் நீளத்தில் சயனித்திருக்கும் அந்தத் திருவுருவத்தைப் பற்றிப் பேச எங்களுக்குத் தகுதி போதாது. எல்லாரும் பேசாமல் நின்றோம் என்று மட்டும் சொல்கிறோம்.

இனி, பெரியோர்களின் கேள்விகளுக்கு வருவோம். கதிர்காமம் போவதை நாங்கள் குறைக்கச் சொல்லவில்லை. ஐம்பது பேரையும் பொலநறுவைக்கு அனுப்புங்கள்; ஆனால் ஐந்து முறையாக அனுப்புங்கள், ஒவ்வொரு முறையும் மூத்தவர் ஒருவர் உடன் வரட்டும். போர்க்காலத்தில் அந்தப் பாதையில் போகப் பயந்திருந்த நம் தாய் தந்தையரில் சிலர் இன்னும் அந்நகரத்தைக் காணவில்லை, அவர்களும் வரட்டும்.

மற்றொன்று, இது முக்கியமானது. நம் நாட்டிலும் சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் உத்தரவுப் பத்திரமும் உண்டு; குறிப்பிட்ட பிரதேசத்துக்கு மட்டும், குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் என்ற வகைகளும் உண்டு. நம் வாலிபர்களில் இரண்டு மூன்று பேர் அதற்குப் படிக்கலாம். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசுகிற பிள்ளைகள் இரத்தோட்டையில் இருக்கிறார்கள். தோட்டத்து வேலையா, கொழும்புக் கடையா என்று இரண்டே வழி பார்க்கும் பிள்ளைக்கு இது மூன்றாவது வழி. கல்வெட்டு எழுத்துப் பழகுவதற்கு ஒரு வகுப்பு நடத்த, பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவரை அழைத்துத் தரும்படி நிருவாக சபையைக் கேட்டுக்கொள்கிறோம். பிரயாணப் பணத்தை நாங்களே சேர்த்துத் தருவோம்.

தை மாதத்தில் இரண்டாம் பயணம். அதற்கு முன் பழக்கத்துக்காக மாத்தளை நகரத்தை ஒரு நாள் நடந்து பார்க்க எண்ணியிருக்கிறோம்: முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராசகோபுரத்தின் கீழே தொடங்கி, 1880இல் திறந்த புகைவண்டிப் பாதையின் கடைசி நிலையத்தைப் பார்த்துக்கொண்டு, திரிபிடகத்தை ஏட்டில் எழுதிய அளுவிகாரை வரையில். இடம் பன்னிரண்டு பேருக்கு மட்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுக்கலாம்.