புதுத் தளமும் பூச்சும்

என் பட்டறைக்குக் கான்கிரீட்டுத் தளம் இட்டபோது, கொத்தனார் இரும்புக் கரணையால் அதனைக் கண்ணாடிபோல் தேய்த்துத் தந்தார். அழகில் மயங்கிப் பத்தாம் நாளே எப்பாக்சிப் பூச்சுப் பூசினேன். ஒரு திங்கள் செல்லுமுன் அது கொப்புளித்து உரிந்தது.

தளம் காய்ந்துதான் இறுகுகிறது என எண்ணியிருந்தேன். அஃது என் அறியாமை. சிமெண்டு நீரோடு வேதிவினை புரிந்தே இறுகுகிறது. அதற்காகவன்றோ முதல் ஏழு நாளேனும் தளத்தை நனைத்து வைக்கிறோம்! 28 நாளில் வலிமை பெரிதும் வந்துவிடும். ஈரமோ உள்ளேயே தங்கியிருக்கும். அது ஆவியாய் மேலெழும்போது வழிமறிக்கும் பூச்சைப் பெயர்த்துவிடும்.

ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து, ஓரங்களை நாடாவால் ஒட்டி, 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். அடியில் நீர் அரும்பியிருந்தால் பொறுத்திருக்க வேண்டியதுதான். வழவழப்பும் பகையே. விட்ட நீர்த்துளியை உறிஞ்சாத தளம் பூச்சை எவ்வாறு பற்றும்? முதலில் அதனைத் தேய்த்துச் சற்றே சொரசொரப்பாக்குதல் வேண்டும்.

பழைய பூச்சைச் சுரண்டியபின் நான் சோடியம் சிலிகேட்டுக் கரைசலையே தெளித்தேன். அது கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்போடு கூடி நுண்துளைகளுக்குள்ளேயே கெட்டிப்படுகிறது. உரிவதற்கு மேலே படலம் இல்லை. தூசியும் அடங்கிற்று. சிந்தும் எண்ணெயை மட்டும் உடனுக்குடன் துடைக்க வேண்டியிருக்கிறது.