கல்லும் செம்பும் கணினியும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் பழைய தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் பொறிப்பித்த ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். பரதேசத்து வணிகர் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்து தங்குதல் வேண்டும். அவர்கள் பாதுகாக்கப்படல் வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்துவிடின் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும். பிற சரக்கேற்றிய கலம் உடையின் இருவருக்கும் சரிபாதி. இவ்வாறு விதிகளைக் கூறிச் செல்லும் கல்வெட்டு, முடிவிலே ஒரு சிறு செய்தியையும் தெரிவிக்கின்றது. சந்திர சூரியர் உள்ளவரை நிலைக்கவேண்டிய இவ்விதி கல்லிலும் வெட்டப்பட்டது. செம்பிலும் வெட்டப்பட்டது என்பதே அச்செய்தி.

ஓர் ஆணையை இருமுறை பொறிப்பானேன்? கல் கனமானது, எளிதில் களவு போகாது, ஆயினும் உடையக்கூடியது. செம்பு உடையாது, ஆயினும் உருக்கக்கூடியது. ஒன்றுக்கு வரும் கேடு மற்றொன்றுக்கு வராது. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அறிஞர் கைக்கு எட்டியது கல்லே. இருவகைப் பொருளை நம்பிய அந்த முன்யோசனை, இன்று வீடுதோறும் கணினி வைத்திருப்போருக்கும் வேண்டற்பாலது.

வேலணையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தாத்தாவின் திருமணப் படம், மறைந்த பாட்டியார் பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவு, மகள் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் ஆய்வேடு, கோவில் திருப்பணிக் கணக்கு ஆகிய யாவும் ஒரே கணினியில் இருக்கின்றன. அக்கணினியின் உள்ளே இருப்பது வன்தட்டு எனப்படும் சேமிப்புக் கருவி. அதில் வட்டத் தகடு விரைந்து சுழல, படிக்கும் முனை அத்தகட்டைத் தொடாமல் மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியில் மிதந்து செல்லும். கை தவறிக் கீழே விழுந்தாலும், மின்சாரம் திடீரெனக் கூடிக் குறைந்தாலும் அதற்கு ஆபத்து. தீவகத்தில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கின்றது. உலோக இணைப்புகளை அது மெல்ல அரிக்கும். எந்தத் தட்டும் ஒருநாள் பழுதுபடும் என்பது உறுதி. அந்த நாள் எது என்பதே எவருக்கும் தெரியாதது.

ஆதலின் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. எத்தனை படி வேண்டும்? இதற்கு விடை யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த ஒரு வழக்கத்திலேயே இருக்கின்றது. காணி விற்கும்போது நொத்தாரிசு உறுதி எழுதுகின்றார். மூலம் காணி வாங்கியவர் கைக்குப் போகின்றது. ஒரு படி காணிப் பதிவகத்துக்குப் போகின்றது. மற்றொரு படி நொத்தாரிசின் பெட்டகத்தில் தங்குகின்றது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி மக்கள் போரினால் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, வீட்டுப் பெட்டியில் இருந்த உறுதிகளை எடுத்துச் செல்லப் பலருக்கு அவகாசம் இருக்கவில்லை. உறுதியை இழந்தவருக்கோ பதிவகத்திற் கேட்டுப் பெற ஒரு வழி இருந்தது. சுவரில் தொங்கிய குடும்பப் படத்துக்கு அத்தகைய வழி ஏதும் இருக்கவில்லை. படமும் பாசத்துக்குரியதே; ஆயினும் அதற்கு இரண்டாம் படி எவரிடமும் இல்லை.

இனி, படியை எங்கே வைப்பது என்பது அடுத்த வினா. ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொன்னிலே 1913ஆம் ஆண்டு பிறந்த தனிநாயகம் அடிகளாரின் வாழ்க்கை இதற்கு விடை கூறுகின்றது. அந்தாவ் த புரோவென்சா என்னும் இயேசு சபைத் துறவி தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி, அம்பலக்காட்டில் 1679ஆம் ஆண்டு அச்சிடப்பட்டது. பிறந்த மண்ணில் அது மறக்கப்பட்டுப் போயிற்று. கடல் கடந்து உரோமாபுரிக்குச் சென்ற படியொன்றோ வத்திக்கான் நூலகத்தில் பழுதின்றி இருந்தது. அதனை அடிகளார் கண்டெடுத்து, 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். தமிழுலகம் அந்நூலை மீண்டும் பெற்றது, ஒரு படி தொலைவில் இருந்தமையினாலே.

இம்மூன்று உண்மைகளையும் ஒன்றாகக் கோத்தால் இக்காலக் கணினியாளர் கூறும் 'மூன்று, இரண்டு, ஒன்று' என்னும் விதி கிடைக்கும். மூலத்தோடு சேர்த்து மூன்று படிகள். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒரு படி வீட்டுக்கு வெளியே இருத்தல் வேண்டும். பீற்றர் குரோக் என்னும் அமெரிக்க ஒளிப்படக்காரர் இவ்விதியை நூல் வாயிலாகப் பரப்பினார். அதன் பொருளோ நொத்தாரிசுக்கும் பராக்கிரமபாகுவுக்கும் புதியதன்று.

சாதனங்களைத் தெரிந்தெடுக்கையில் ஒவ்வொன்றின் குணமும் குற்றமும் அறிதல் நன்று. புறத்தே இணைக்கும் வன்தட்டு விலை மலிந்தது, மிகுதியாகக் கொள்ளும், முதற் படிக்கு ஏற்றது. பென் டிரைவ் கையடக்கமானது. ஒரு கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக உதவும். நெடுங்காலச் சேமிப்புக்கு அதனை நம்புதல் தகாது. மின்னின்றி ஆண்டுக்கணக்கிற் கிடந்தால் அதனுள் இருக்கும் பதிவு தேயக்கூடும். வீட்டில் எழுதிய குறுந்தட்டுகளும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெடுவன. இணையத்தின் வழியே தொலைதூரக் கணினிகளில் வைக்கும் மேகச் சேமிப்பு, தீயும் வெள்ளமும் கள்வரும் எட்டாத இடம். ஆயினும் மாதக் கட்டணம் நின்றாலோ கடவுச்சொல் மறந்தாலோ கதவு அடைபட்டுவிடும். இணையம் மெதுவாக உள்ள இடத்தில் முதன்முறை ஏற்றுவதற்குப் பல நாள் செல்லும். அத்தகைய வீட்டார் மற்றொரு தட்டில் படியெடுத்து, யாழ்ப்பாண நகரிலோ கொழும்பிலோ உள்ள உறவினர் வீட்டில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். அங்கே பயணம் போகும்போது பையில் ஒரு தட்டையும் வைத்துச் செல்வது பெரும் சுமையன்று.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உள. இரு கருவிகளை எப்போதும் ஒரேமாதிரி வைத்திருக்கும் ஒத்திசைவு வேறு, படியெடுத்தல் வேறு. ஒத்திசைவில், ஓரிடத்தில் தவறி அழித்த கோப்பு மற்ற இடத்திலும் அழிந்துபோகும். பழைய பதிப்புகளையும் சேர்த்து வைத்திருக்கும் முறையே பயன்படும். அன்றியும், படியெடுத்த தட்டை வேலை முடிந்ததும் கழற்றி வைத்தல் வேண்டும். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வன்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயப் பணம் கேட்டது. அத்தகைய தீநிரல், கணினியோடு இணைந்திருக்கும் தட்டையும் விட்டுவைக்காது. கழற்றிய தட்டை ஈரமுறிஞ்சும் சிறு பொதியுடன் காற்றுப்புகாப் பெட்டியில் வைத்தால் உப்புக் காற்றும் அணுகாது.

எல்லாவற்றிலும் பெரிது, படி உயிரோடு இருக்கின்றதா என்று பார்த்தல். 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'டாய் ஸ்டோரி' இரண்டாம் படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையினால் அதன் கோப்புகளிற் பெரும்பகுதி அழிந்தது. படிகள் இருக்கின்றன என்று ஆறுதலடைந்தனர். எடுத்துப் பார்த்தபோது அவை பழுதாயிருந்தன. கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து பணிசெய்த பெண்மணி ஒருவரின் கணினியில் இருந்த படியே அப்படத்தைப் பெரும்பாலும் மீட்டது. ஆதலின் ஆண்டுக்கு இருமுறையாவது, சேமித்த படியிலிருந்து சில கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத படி, படியே அன்று. கடவுச்சொல்லையும் வீட்டில் இன்னொருவர் அறிந்திருத்தல் நன்று. ஒருவர் மறைவோடு குடும்பத்தின் நினைவும் பூட்டப்பட்டுவிடலாகாது.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் மாதத் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. உலகில் வேறெங்கேனும் படியிருந்த நூல்கள் மீண்டும் வாங்கப்படக்கூடியனவாயிருந்தன. ஒரே படியாக இருந்த ஏடுகள் ஒரே இரவில் இல்லாதொழிந்தன. அந்த வடு ஆறாத சமூகத்திலேதான் 2005ஆம் ஆண்டில் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் தோன்றி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து எவரும் எங்கிருந்தும் படிக்க வைத்தது. ஊருக்காக ஒரு நிறுவனம் செய்யும் அப்பணியை, வீட்டுக்காக வீட்டாரே செய்துகொள்ளல் வேண்டும்.

உடைந்த கலத்தின் சரக்கிற் பாதியையேனும் உடையவனுக்கு மீட்டுக் கொடுத்தது நயினாதீவுக் கல்லிலுள்ள விதி. உடைந்த கணினிக்கு அவ்வாறு பங்கு பிரித்துக் கொடுப்பார் எவருமில்லர். முன்னரே எடுத்து வைத்த படி ஒன்றே அங்கு உடையவனின் பங்கு.