மறதி என்னும் சிறை

நற்பிட்டிமுனையிலும் அதனை அடுத்த கல்முனைக் கரையூர்களிலும் ஒருவன் மறியலுக்குப் போனான் என்றால், சிறைக்குப் போனான் என்பதே பொருள். தமிழ்நாட்டிலோ மறியல் என்பது பாதையை மறித்துச் செய்யும் போராட்டம். வினை ஒன்றே, அங்கே குடிமகன் மறிக்கிறான், இங்கே அவன் மறிக்கப்படுகிறான். சிறைக்கு மக்கள் இட்ட பெயரை ஆராய்ந்தால், சிறைப்பட்டவனை அவர்கள் எவ்வாறு கருதினர் என்பது புலனாகும்.

ஜெயில் என்னும் சொல் ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்ததாயினும், அதன் பிறப்பிடம் பழைய பிரெஞ்சு மொழியாகும். கூண்டு என்பதே அதன் முதற்பொருள். கூண்டில் அடைபட்ட உயிருக்கு இரை வைப்பார் ஒருவரேனும் உண்டு. பிரெஞ்சு மொழி தந்த மற்றொரு சிறைப்பெயருக்கு அந்த இரக்கமும் இல்லை. அதுதான் 'ஊப்லியெத்'.

ஊப்லியே என்றால் மறத்தல். அதன் அடியாகப் பிறந்த ஊப்லியெத், மறக்கப்படுவோருக்கான இடம் எனப் பொருள்படும். கோட்டையின் அடியிலே ஆழ்ந்த குழி. மேலே ஒரு துவாரமன்றி வேறு வாயில் இல்லை. உள்ளே இறக்கப்பட்டவனை உலகம் மறந்துவிடும். ஸ்கொட்லாந்து நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்கொட் 1819இல் வெளியிட்ட 'ஐவன்ஹோ'விலும் இச்சொல் வருகிறது.

ஆயினும், பழங்கோட்டைகளில் ஊப்லியெத் எனக் காட்டப்படும் குழிகளிற் பல உண்மையில் மலகூபங்களே என்று 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கட்டடக்கலை அறிஞர் வியோலே லெ டுக் எடுத்துக்காட்டினார். அப்படியானால் இச்சொல் வெறுங்கற்பனையோ? அன்று. மனிதனை மறப்பதற்குக் குழி வேண்டியதில்லை. ஒரு காகிதம் போதும்.

லத்தூது என்பவரின் வரலாறு அதற்குச் சான்று. அரசனின் காதற்கிழத்தி பொம்பதூர் சீமாட்டியை ஏமாற்றிப் பரிசு பெற முயன்றதற்காக 1749இல் பஸ்தீல் சிறையில் அடைக்கப்பட்டார். வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. அரச முத்திரையிட்ட ஓலை ஒன்றே இருந்தது. இடையிடையே தப்பியோடியும் பிடிபட்டார். 1784இல் விடுதலையானபோது, முதற்சிறைப்பட்ட நாளிலிருந்து 35 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் எழுதிய விண்ணப்பம் ஒன்று பாரிஸ் தெருவிலே தவறி விழுந்து கிடந்தது. சிறு வணிகம் செய்துவந்த லெக்ரோ என்னும் பெண் அதனைக் கண்டெடுத்தாள். அவரை முன்பின் அறியாதவள். எனினும் படித்ததை மறக்க அவளால் இயலவில்லை. பெரியோர் வாயில்தோறும் சென்று மன்றாடியே அவரை மீட்டாள்.

ஒருத்தியின் நினைவு செய்த பணியை இன்று சட்டம் செய்தல் வேண்டும். அடைபட்டவரை மன்றின் முன் கொணரச் செய்யும் ஆட்கொணர்வு எழுத்தாணை அதற்காகவே உள்ளது. இலங்கையில் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரை அந்த அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அளிக்கிறது. அதே நாட்டில், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம் வழக்கின்றி 18 மாதம்வரை தடுத்துவைக்க இடமளித்தது. 2022இல் அது 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. ஒரு தாய் வாசலைப் பார்த்திருக்க, பன்னிரண்டு மாதமும் நெடுங்காலமே.

வழக்கு முடியும்வரை காவலில் வைப்பதை ஈழத்தமிழர் விளக்கமறியல் என்பர். இங்கே விளக்கம் என்பது விசாரணை. மறிப்பவன் விசாரித்தே தீரவேண்டும் என்னும் கடமை அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. விளக்கம் நீங்கி மறியல் மட்டும் எஞ்சுமாயின், அந்த இடத்துக்குத் தமிழிலே பெயரில்லை. பிரெஞ்சுச் சொல்லையே இரவல் கேட்கவேண்டும்.