சார்ஜன்ட் ஹேமச்சந்திரவின் நினைவு

(மாங்கேணியில் நடந்த தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து பொலன்னறுவை, புனானை வழியாக இந்த மாங்கேணிக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். கடலையே பார்க்காத பிள்ளைகள் இன்றைக்கு முழங்கால் நனையக் கடலில் நின்றுவிட்டார்கள். 77ஆம் ஆண்டிலும் 83ஆம் ஆண்டிலும் அடிபட்டு, லயத்தை விட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறிய நம்ம சொந்தக்காரர்களும் வந்து கூடியிருக்கிறார்கள். நல்ல நாள். இந்த நல்ல நாளில் ஒரு பொலிஸ்காரரின் சாவைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நம் ஆட்களுக்குப் பொலிஸ் என்றால் நெஞ்சில் முதலில் வருவது துவக்குத்தான். அதை நாம் மறைக்கப் போவதில்லை. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்த நேரம் பொலிஸ் சுட்டுத்தான் கோவிந்தன் செத்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியை எடுக்க வேண்டாம் என்று சனம் திரண்டு நின்றபோது சிவனு லெட்சுமணன் செத்ததும் பொலிஸ் சூட்டில்தான். இந்த இரண்டு பேரையும் நம் தாத்தாமார் சொல்லிச் சொல்லித்தான் நாம் வளர்ந்தோம். யுத்த காலத்தில் இதே பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, "நுவரெலியாக்காரனுக்கு இங்கே என்ன வேலை?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்த பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். இதெல்லாம் நடந்தது. நடக்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே காக்கிச் சட்டைக்குள் வேறு மாதிரி ஆட்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

அதற்கு முன்னால், நாம் வந்து நிற்கிற இந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிருந்து தெற்கே போனால் மட்டக்களப்பு வாவி. சூரியன் எழும்புகிற பக்கத்தை எழுவான்கரை என்றும், விழுகிற பக்கத்தைப் படுவான்கரை என்றும் இந்த ஊர்ச் சனம் அழகாகச் சொல்லும். அந்தப் படுவான்கரையில்தான் வவுணதீவு இருக்கிறது. 2018 நவம்பர் 30ஆம் திகதி அங்கே வலையிறவுப் பாலத்தடிக் காவலரணில் இராக்கடமையில் இருந்த இரண்டு கொன்ஸ்டபிள்மாரைக் கொன்றுவிட்டார்கள். ஒருவர் காலிப் பக்கத்துப் பிள்ளை, நிரோஷன் இந்திக்க பிரசன்ன. மற்றவர் கல்முனைக்குப் பக்கத்தில் பெரியநீலாவணைப் பிள்ளை, கணேஷ் தினேஷ். சிங்களத் தாய் பெற்ற மகனும் தமிழ்த் தாய் பெற்ற மகனும் ஒரே காவலரணில் ஒரே இரவில் போனார்கள்.

மாவீரர் நாள் முடிந்து மூன்றாம் நாள் நடந்த காரியம். அதனால் முன்னாள் போராளிகள்தான் செய்திருப்பார்கள் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஒருவரைப் பிடித்து மாதக்கணக்காக உள்ளே வைத்தார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் மற்ற இடங்களிலும் குண்டு வெடித்த பிறகுதான், இந்த இரண்டு பொலிஸ்காரரையும் கொன்றது அந்தக் குண்டுக்காரக் கூட்டமே என்று விசாரணையில் வெளியே வந்தது. உள்ளே இருந்தவர் அதற்குப் பிறகுதான் வீடு போய்ச் சேர்ந்தார். யார் செய்தது, யார் செய்தது என்ற சத்தத்தில், செத்த அந்த இரண்டு பிள்ளைகளின் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? இப்போது நாம் சொன்ன பிறகுதான் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும்.

சரி, ஹேமச்சந்திரவிடம் வருவோம்.

சரத் ஹேமச்சந்திர சிலாபத்துக்காரர். பொலிஸ் சார்ஜன்ட். அவர் பார்த்த வேலை, நீதிபதி மா. இளஞ்செழியன் அவர்களின் மெய்ப்பாதுகாவலர் வேலை. ஒரு வருசம், இரண்டு வருசம் இல்லை, பதினைந்து வருசத்துக்கு மேலே. அந்த நீதிபதி கடுமையானவர் என்று பெயர் எடுத்தவர். யாழ்ப்பாணத்தில் மேல் நீதிமன்ற நீதிபதியாக இருந்த நேரம் போதைப்பொருள்காரருக்கும் வாள்வெட்டுக்காரருக்கும் பிணை கிடைப்பது லேசில்லை என்று சொல்வார்கள். புங்குடுதீவு மாணவி வித்தியாவின் கொலை வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் இவரும் ஒருவர். அப்படிப்பட்டவருக்குக் காவல் போவது என்றால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்புகிற மாதிரித்தான்.

ஒரு மெய்ப்பாதுகாவலரின் வேலையை நம் பிள்ளைகள் சினிமாவில் பார்க்கிற மாதிரி நினைக்கக்கூடாது. முக்கால்வாசி நேரம் காத்திருப்பதுதான் வேலை. கோட்டுக்கு வெளியே காத்திருக்க வேண்டும். கல்யாண வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டும். ஐயா சாப்பிட்ட பிறகு சாப்பிட வேண்டும். ரோட்டில் முன்னால் மோட்டார் சைக்கிளில் போய்ச் சந்தியில் வாகனத்தை ஒதுக்கிவிட வேண்டும். பெருநாள், வருசப்பிறப்பு என்று பார்க்க முடியாது. தன் வீடு ஒரு பக்கம் இருக்கும், காவல் காக்கிற மனுசன் இன்னொரு பக்கம் இருப்பார். சிலாபத்தில் பெண்சாதி பிள்ளைகள், யாழ்ப்பாணத்தில் கடமை. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளை வைத்திருக்கிற நம் தாய்மாருக்கு அது எப்படியான வாழ்க்கை என்று விளக்க வேண்டியதில்லை.

2017 ஜூலை 22, சனிக்கிழமை பின்னேரம். நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்தியில் நெரிசல். நீதிபதியின் கார் பின்னால் வருகிறது. ஹேமச்சந்திர முன்னால் நின்று வழி எடுத்துக் கொடுக்கிறார். அந்த நேரத்தில் ஒருவன் பாய்ந்து அவருடைய இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியைப் பறித்து அவரையே சுட்டான். கூட இருந்த மற்ற மெய்ப்பாதுகாவலர் திருப்பிச் சுட்டார். அவருக்கும் காயம். நீதிபதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹேமச்சந்திரவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார்கள். நடுச்சாமம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. அவருக்கு வயது 51. இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

விடிந்தால் 23ஆம் திகதி. அந்த வருசம் அன்றைக்குத்தான் ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் விரதம் பிடிக்கிற நாள், மட்டக்களப்பில் மாமாங்கத் தீர்த்தம். அன்றைக்கு இரண்டு பிள்ளைகள் தகப்பன் இல்லாமல் விடிந்து எழும்பினார்கள்.

ஜூலை 23 என்ற திகதி நமக்கு வேறு ஒன்றையும் ஞாபகப்படுத்துகிறது. 1983இல் அதே திகதி இரவு, நல்லூருக்குப் பக்கத்து ஊரான திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அதைச் சாட்டாக வைத்து அடுத்த நாளிலிருந்து கொழும்பில் தொடங்கி, கண்டி, மாத்தளை, பதுளை, நுவரெலியா என்று எங்கே எல்லாம் எரித்தார்கள் என்று இந்தக் கூட்டத்தில் இருக்கிற பெரியவர்கள் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் நடந்ததற்கு பதுளையில் கடை வைத்திருந்தவன் செத்தான். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவள் காட்டில் ஒளிந்தாள். அங்கே விழுந்த பிணத்துக்கு இங்கே கணக்குத் தீர்த்த நாடு இது.

34 வருசம் கழித்து, அதே திகதியில், அதே யாழ்ப்பாணத்தில் இன்னொரு சிங்களப் பிள்ளையின் உடம்பு கிடக்கிறது. இந்த முறை நடந்தது வேறு.

ஹேமச்சந்திரவின் மனைவி சிலாபத்திலிருந்து யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அவரைக் கண்டதும் நீதிபதி இளஞ்செழியன் அவருடைய காலடியில் விழுந்து கும்பிட்டு, குழந்தை மாதிரித் தேம்பி அழுதார். மரண தண்டனைத் தீர்ப்பையே கை நடுங்காமல் வாசித்த மேல் நீதிமன்ற நீதிபதியாக அப்போது இருந்தவர் அவர். அந்தப் படம் மறுநாள் தமிழ்ப் பேப்பரிலும் வந்தது, சிங்களப் பேப்பரிலும் வந்தது. பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இனி அந்தப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகப் பார்ப்பேன் என்று அவர் சொன்னார். சிலாபத்துக்குச் செத்த வீட்டுக்கும் போய் நின்றார். யாழ்ப்பாணத்தில் அந்தக் கொலையைக் கண்டித்துச் சனம் வீதிக்கு வந்தது. சுட்டவர் என்று தேடப்பட்ட ஆள் மூன்றாம் நாள் பொலிசில் வந்து சரணடைந்தார். சிலாபத்தில் ஒரு தமிழன் வீட்டு ஓட்டிலும் கல் விழவில்லை.

இதை நாம் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீதிபதி அழுதது ஒரு உத்தியோகத்தருக்காக இல்லை. பதினைந்து வருசம் தன் நிழல் மாதிரி நின்ற ஒரு மனுசனுக்காக. "எங்கட ஆள்" என்று நினைத்ததால் வந்த அழுகை அது. அது ஒரு நாளில் வந்ததில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே சோற்றைச் சாப்பிட்டு, ஒரே ரோட்டில் போய், ஒருவர் வீட்டு நல்லது கெட்டதை மற்றவர் கேட்டறிந்து வந்தது. பேச்சுவார்த்தை மேசையில் பெரிய மனுசர்கள் தேடிக் கிடைக்காதது ஒரு நீதிபதிக்கும் ஒரு சார்ஜன்டுக்கும் கிடைத்திருந்தது. போன பிறகு ஹேமச்சந்திரவுக்கு உப பொலிஸ் பரிசோதகர் பதவி கொடுத்தார்கள். கொடுத்தது நல்லதுதான். ஆனால் நமக்கு அவர் சார்ஜன்ட் ஹேமச்சந்திரதான்.

இன்னொரு பழைய கதை. உங்களுக்கு சரதியலைத் தெரியும். கண்டி ரோட்டில் மாவனல்லைக்குப் பக்கத்தில் ஊத்துவன்கந்த மலையில் இருந்த கொள்ளைக்காரன், பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று கதை சொல்வார்கள். இப்போது அங்கே அவன் பெயரில் ஒரு மாதிரிக் கிராமமே கட்டி வைத்திருக்கிறார்கள், டிக்கட் எடுத்துப் பார்க்கலாம். அவனைப் பிடிக்கப் போன இடத்தில் 1864 மார்ச் 21ஆம் திகதி சூடு பட்டுச் செத்த கொன்ஸ்டபிளின் பெயர் தெரியுமா? சபான். மலாய்க்காரர். இந்த நாட்டில் கடமையில் உயிர் விட்ட முதல் பொலிஸ்காரர் என்று பொலிஸ் திணைக்களம் அவரைத்தான் சொல்கிறது. மார்ச் 21ஆம் திகதியைப் பொலிஸ் வீரர்கள் தினம் என்று அவரை வைத்துத்தான் வருசா வருசம் கொண்டாடுகிறார்கள். அந்த மே மாதமே சரதியலைக் கண்டியில் தூக்கில் போட்டார்கள். தூக்கில் தொங்கியவன் இன்றைக்கும் கதையில் குதிரையில் போகிறான். சபானைப் பற்றிக் கேட்டால் நம் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, மாவனல்லைப் பிள்ளைகளுக்கும் எவ்வளவு தெரியும் என்று தெரியவில்லை.

இந்தக் கிழக்கு மண்ணில் 1990 ஜூன் 11ஆம் திகதியை மட்டும் சொல்லாமல் போனால் நாம் நேர்மையாகப் பேசியதாகாது. மேலிடத்துக் கட்டளைப்படி ஆயுதத்தைக் கீழே வைத்துச் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸ்காரரைப் புலிகள் கொண்டுபோய்ச் சுட்டார்கள். சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள். அதற்குப் பிறகு தமிழ்க் கிராமங்களிலும் முஸ்லிம் பள்ளிவாசல்களிலும் விழுந்த பிணங்களை எண்ணி முடியாது. கோவிந்தனுக்கும் லெட்சுமணனுக்கும் அழுகிற நமக்கு இவர்களுக்கு அழவும் கண்ணீர் இருக்க வேண்டும். இருக்கிறது என்றுதான் நாம் நம்புகிறோம்.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். நம் லயங்களில் அடிதடி நடந்தால், பிள்ளையைக் காணவில்லை என்றால், குடித்துவிட்டு வந்து பெண்சாதியை அடித்தால், பொலிசுக்குப் போகவே நம் பெண்கள் பயப்படுகிறார்கள். போனால் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, "இந்தா, கையெழுத்து வை" என்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமல் வைத்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலேயே எழுதியாயிற்று. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் தெரிந்த ஆள் இல்லை என்றால், வரும்வரைக்கும் வாங்கில் உட்கார்ந்திருங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள், கூட வருகிறோம். அவசரத்துக்கு 119, பிள்ளைகள் விசயத்துக்கு 1929, பெண்கள் விசயத்துக்கு 1938. இந்த மூன்று நம்பரையும் அடுப்படிச் சுவரில் கரியால் என்றாலும் எழுதி வையுங்கள்.

படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிற தம்பிமார், தங்கச்சிமார் பொலிசுக்கு விண்ணப்பம் போட்டால் தாய்மார் தடுக்கிறார்கள். "போலீஸ்ல போய் சேர்றதுக்கா படிக்க வச்சேன்?" என்று ஒரு தாய் நம்மிடமே கேட்டார். அந்தத் தாயின் பயம் நியாயமானது. சபானின் தாய்க்கும், தினேஷின் தாய்க்கும், சிலாபத்து வீட்டுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். ஆனால் நம் பிள்ளை ஒன்று அந்த மேசையில் உட்கார்ந்தால்தானே, அடிபட்டு வருகிற ஒரு பொம்பளை தன் வாயால் தன் பாசையில் நடந்ததைச் சொல்லலாம்? யோசித்துப் பாருங்கள், அம்மா. வற்புறுத்த நாம் வரவில்லை.

சாப்பாடு தயார் என்று கையைக் காட்டுகிறார்கள். அதற்கு முன்னால் எல்லோரும் கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். சத்தம் போடுகிற பிள்ளைகளைத் தாய்மார் இடுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். மாங்கேணிப் பெரியவர் ஒருவர் விளக்கை ஏற்றுவார். நாம் பெயர்களை மட்டும் சொல்கிறோம்: கொன்ஸ்டபிள் சபான். கொன்ஸ்டபிள் நிரோஷன் இந்திக்க பிரசன்ன. கொன்ஸ்டபிள் கணேஷ் தினேஷ். சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர.