கயத்தாறு ரோட்டுக் கடைப் பாக்கி
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



'நெடுஞ்சாலைத் துறையில் என் நாற்பது ஆண்டுகள்' என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேச வேண்டும் என்று செயலாளர் கடிதம் எழுதியிருந்தார். நானும் குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். நேற்று ராத்திரி விடுதி அறையில் அதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். எனக்கே தூக்கம் வந்துவிட்டது. அதனால் ஒரு பலசரக்குக் கடையைப் பற்றிப் பேசப் போகிறேன். செயலாளர் மன்னிக்க வேண்டும். இதிலும் ரோடு வரும்.

முன் வரிசையில் இருக்கிற 1979-ஆம் ஆண்டு சிவில் நண்பர்களுக்கு நான் எந்தக் கடையைச் சொல்கிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். இறுதியாண்டு சர்வே கேம்ப். பிப்ரவரி மாதம், பத்து நாள், பதினெட்டு பேர். கோவில்பட்டி தாண்டி, கயத்தாறு போகிற ரோட்டோரம் ஒரு ஊர். பள்ளிக்கூடத்தில்தான் படுக்கை. பகலெல்லாம் கரிசல் காட்டில் சங்கிலியும் டம்பி லெவலும் தூக்கிக்கொண்டு அலைச்சல். மாணவர்களே, உங்களுக்கு இன்று டோட்டல் ஸ்டேஷன், ஜி.பி.எஸ். என்று எல்லாம் வந்துவிட்டது. அன்றைக்கு முப்பது மீட்டர் சங்கிலியை இழுத்துப் பிடித்து, வெடித்துக் கிடக்கிற கரிசலில் கால் மாட்டிக்கொள்ளாமல் நடப்பதே ஒரு பரீட்சை. அந்த மண் மழையில் உப்பும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் ரோடு போடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் காலால் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் எல்லாரும் அந்தக் கடையில்தான் இருப்போம். முன்பக்கம் பலசரக்கு, பின்பக்கம் பேக்கரி. முன்னால் பருத்திக்கொட்டை மூட்டை, புண்ணாக்கு, தாம்புக்கயிறு, அரிக்கேன் திரி, சைக்கிள் ட்யூப் ஒட்டுகிற சொல்யூஷன், கருப்பட்டி, ஆட்டுக் கழுத்துக்கு மணி. கண்ணாடி பாட்டில்களில் ரஸ்க், தேங்காய் பிஸ்கட், காராச்சேவு. டீ 25 காசு, பன் 20 காசு. லாரிக்காரர்கள் ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டு, முகம் கழுவி, டீ குடித்து, வழிக்கு ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போவார்கள்.

பின்பக்கம் போய் அடுப்பைப் பார்க்க அண்ணாச்சி என்னை மட்டும் விடுவார். கேம்ப்புக்கு நான்தானே பொருளாளர்! செங்கல் வளைவு வைத்துக் கட்டிய அடுப்பு. சீமைக்கருவேல விறகை உள்ளேயே போட்டு எரித்து, வளைவு முழுக்கச் சூடேறியதும் கங்கை வெளியே இழுத்துவிடுவார்கள். ஈரச் சாக்கைக் கம்பில் சுற்றித் தரையைத் துடைப்பார்கள். அப்புறம் ஒரு சிட்டிகை மைதாவை உள்ளே வீசிப் பார்ப்பார் அண்ணாச்சி. உடனே கறுத்தால் சூடு அதிகம், கொஞ்சம் பொறுக்க வேண்டும். மெதுவாகச் சிவந்தால் சரி. முதல் சூட்டில் ரொட்டி, அது தணிந்ததும் பன், அதற்கும் பிறகு பிஸ்கட், மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க ரஸ்க் காயும். ஒரே விறகில் நாலு வேலை. வெப்ப இயக்கவியல் பேராசிரியர் இங்கே இருக்கிறார், அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அந்தப் பாடம் புரிந்தது அங்கேதான்.

கல்லூரியிலிருந்து வர வேண்டிய கேம்ப் பணம் வந்து சேரவில்லை. அண்ணாச்சி, "அதுக்கென்ன தம்பி, நோட்டுல எழுதிக்கிடுவோம், போகையில கொடுங்க" என்றார். நீளமான பேரேட்டு நோட்டு. 'காலேஜ் பிள்ளைகள்' என்று தலைப்பு போட்டு எழுதினார். பத்து நாளில் 86 ரூபாய் 40 காசு ஆனது. ஆளுக்கு 4 ரூபாய் 80 காசு. நண்பர்களே, நீங்கள் பதினேழு பேரும் அன்று ராத்திரியே என்னிடம் கொடுத்துவிட்டீர்கள். மறுநாள் விடியற்காலை பஸ் வந்தபோது, "அண்ணாச்சிக்குக் கொடுத்தாச்சா?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். "நேத்தே கொடுத்துட்டேன்" என்றேன்.

கொடுக்கவில்லை.

நாற்பத்தைந்து வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. மார்ச் மாதம் ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வு இருந்தது. என்னிடம் இருந்தது ரப்பர் செருப்பு மட்டும். அந்தப் பணத்தில் ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். முதல் சம்பளத்தில் மணியார்டர் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வேலையும் கிடைத்தது. முதல் சம்பளம் வந்தது, ரெண்டாவது சம்பளமும் வந்தது. அனுப்பவில்லை. விலாசம் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊர் பெயரும் கடை பெயரும் போட்டால் தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்.

இதோடு முடிந்திருந்தால் இங்கே சொல்லாமல் விருந்துச் சாப்பாட்டில் உங்களிடம் தனியாகச் சொல்லியிருப்பேன்.

ரோட்டுக்கு வருகிறேன். அது அப்போது தேசிய நெடுஞ்சாலை 7. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை, நாட்டிலேயே நீளமானது. 2010-இல் எண்ணை மாற்றி இன்று 44. ஸ்ரீநகர் - கன்னியாகுமரி வடக்கு தெற்குப் பாதையை நான்கு வழியாக்கும் திட்டம் வந்தபோது, அதில் ஒரு பகுதிக்குத் தடம் வரைகிற ஆலோசனை நிறுவனம் ஒன்றில் நான் இருந்தேன். 2002-ஆம் வருஷம், பழைய ரோட்டில் போக்குவரத்துக் கணக்கெடுக்க எனக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று அந்தக் கடைக்கு எதிர்த்தாற்போல் இருந்த புளிய மரத்தடி. ஏழு நாள், இருபத்துநாலு மணி நேரமும் எண்ண வேண்டும். எங்கள் கணக்கில் ஒரு லாரிக்கு மூன்று கார், சைக்கிளுக்கு அரை கார், மாட்டு வண்டிக்கு எட்டு கார். அது எதற்கென்று மாணவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஓடுகிற வண்டிக்கெல்லாம் கட்டம் இருந்தது. டீ குடிக்க நின்ற வண்டிக்குக் கட்டம் கிடையாது.

கடைக்குள் போனேன். அண்ணாச்சிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. "வாங்க சார்" என்றார். டீயும் பன்னும் கொடுத்தார். பன் அதே பன். கொஞ்ச நேரம் கழித்து, "சார், நாலு வழி ரோடு வருதாமே, நம்ம கடை வழியாத்தானே வரும்?" என்று கேட்டார். முன்பக்கத்தை இடித்துப் பெரிய ஹாலாகக் கட்டி, நாற்காலி மேசை போட்டு, மாவு பிசைய மெஷின் வாங்கப் போவதாகச் சொன்னார். பேங்க்கில் மூன்று லட்சம் கேட்டிருக்கிறாராம். வண்டி கூடினால் வியாபாரமும் கூடும் அல்லவா?

எங்கள் வரைபடத்தில் ரோடு அந்த ஊருக்குள் வரவில்லை. ஊரைச் சுற்றி, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் போனது. ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த பைபாஸ் சரியான முடிவு. ஊருக்குள் ரோடு ஏழு மீட்டர்தான், ரெண்டு பக்கமும் வீடு, நடுவில் பள்ளிக்கூடம். அதை அகலப்படுத்தினால் பாதி ஊர் போய்விடும். இன்றைக்குக் கேட்டாலும் அதே தடத்தைத்தான் வரைவேன்.

தடத்தை முன்கூட்டி வெளியே சொல்லக் கூடாது என்பதும் நியாயமான விதிதான். சொன்னால் மறுநாளே நிலத் தரகர்கள் வந்து நிற்பார்கள். ஆனால், "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, முடிவு தெரிஞ்சப்புறம் கடன் வாங்குங்க" என்று சொல்ல எந்த விதி தடுத்தது? 'அண்ணாச்சி' என்று வாயைத் திறந்தால் பழைய பேச்சு வந்துவிடுமே, "தம்பி நீங்க அந்த காலேஜ் பிள்ளைல்ல?" என்று கேட்டுவிடுவாரே என்ற பயம். "இன்னும் முடிவாகலைங்க" என்று மட்டும் சொல்லி, டீக் காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அடுத்த நாளிலிருந்து எண்ணுகிற இடத்தை அரை கிலோமீட்டர் தள்ளி மாற்றிக்கொண்டேன்.

மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தடத்தில் வருகிற கிணறு, மரம், வீடு, கோயில் எல்லாவற்றையும் எண்ணி அறிக்கையில் எழுதுகிறோம். எடுத்துக்கொள்கிற நிலத்துக்கு 1956-ஆம் வருஷச் சட்டப்படி நஷ்ட ஈடு உண்டு. ரோடு விலகிப் போனதால் வியாபாரம் போன கடைக்கு ஒரு பைசா கிடையாது. அவன் நிலத்தில் ஒரு செங்கலைக்கூட நாம் தொடவில்லையே! சட்டத்தின் கணக்கு அப்படி.

போன தை மாதம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது டிரைவரிடம் பழைய ரோட்டில் விடச் சொன்னேன். புளிய மரம் இருக்கிறது. கடையும் இருக்கிறது. பெரிய ஹாலில் நாற்காலிகளை அடுக்கி மூலையில் வைத்து, மேலே உரமூட்டை போட்டிருந்தார்கள். மகன்தான் இப்போது பார்க்கிறார். அண்ணாச்சி 2014-இல் காலமாகிவிட்டார். அடுப்பு செவ்வாய், வியாழன், சனி மட்டும் எரிகிறது. சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கு மொபெட்டில் ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறார். பேங்க் கடன் அடைந்தது அப்பா இறந்து ரெண்டு வருஷம் கழித்துத்தான் என்று, நான் கேட்காமலே, பேச்சுவாக்கில் சொன்னார்.

நான் 86 ரூபாய் 40 காசைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். பழைய நோட்டெல்லாம் கரையான் அரித்துப் போச்சு சார் என்றார். உள்ளே கட்டிலில் இருந்த அவருடைய தாயார் மட்டும் எழுந்து உட்கார்ந்தார்.

"சங்கிலி பிடிச்சுக்கிட்டு வந்த பிள்ளைகளா? காலேஜுக்கு ஒரு கடுதாசி போடுங்கன்னு நான்தான் சொன்னேன். பரீட்சை சமயம், பிள்ளைகளுக்கு ஏதாவது ஆயிரும், வேண்டாம்னுட்டாக."

வட்டியோடு கொடுக்கலாம் என்று ஒரு கவர் தயாராக வைத்திருந்தேன். அந்த அம்மா வாங்கவில்லை. கணக்கு எவ்வளவோ அவ்வளவுதான் என்றார். 86 ரூபாய் எண்ணி வைத்தேன். 40 காசுக்கு வழியில்லை. 25 காசும் அதற்குக் கீழே உள்ள காசும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டன. ஒரு ரூபாயாகக் கொடுத்தேன். மகன் பாட்டிலைத் திறந்து பாக்கிக்கு ரெண்டு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார்.

நண்பர்களே, பழைய பாக்கியைச் சொல்லிவிட்டேனே தவிர, 2002-இல் ஜீப்பில் வந்தது நான்தான் என்பதைச் சொல்லவில்லை. மிட்டாயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன். முதலாவதைச் சொல்ல நாற்பத்தைந்து வருஷம் ஆனது. ரெண்டாவதற்கு அவ்வளவு காலம் என்னிடம் இல்லை. அந்த அம்மாவிடமும் இல்லை.

வருகிற சனிக்கிழமை அங்கே போகிறேன். அதை அவர்கள் இருவரிடமும் சொல்லத்தான் போகிறேன். 1979 நண்பர்களில் உடன் வர விரும்புகிறவர்கள் இருந்தால், கல்லூரி வாசலிலிருந்து காலை ஆறு மணிக்கு வேன் கிளம்புகிறது. பன்னிரண்டு இடம் இருக்கிறது. அறிக்கை எழுதப்போகிற இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு மூன்று பேர் வந்தாலும் சரி. சனிக்கிழமை ரொட்டி அடுப்பிலிருந்து ஒன்பதரைக்கு வெளியே வரும் என்று மகன் சொன்னார். துணிப்பை கொண்டுவாருங்கள், 2019-லிருந்து பிளாஸ்டிக் பை கொடுப்பதில்லை. எல்லாரும் காசு கொடுத்தே வாங்குங்கள், இந்தத் தடவை என்னிடம் கொடுக்க வேண்டாம்.