சின்னக் கமராவும் ஊர்ப் படங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சமயத்தைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் அறிஞர்கள் பேசிய மேடை இது. அதிலே ஏறி நின்று, சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு சிறு கமராவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். சிரியுங்கள்; ஆனாற் சற்றுக் கேளுங்கள்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நாம் மயிலிட்டியை விட்டுப் புறப்பட்டபோது என்னென்ன எடுத்துக்கொண்டோம் என்பது இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சிலர் காணி உறுதியை எடுத்தார்கள். சிலர் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை எடுத்தார்கள். எங்கள் வீட்டிலே ஒரு பானை அரிசியை எடுத்தோம். இரண்டொரு கிழமையில் திரும்பி விடலாம் என்பது எண்ணம். அலுமாரியின் மேற்றட்டில் இருந்த படப் புத்தகத்தை யார் நினைத்தார்? 2017ஆம் ஆண்டு யூலை 3ஆந் தேதி துறைமுகமும் அதைச் சூழ்ந்த காணிகளும் விடுவிக்கப்பட்டபோது, இருபத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. படப் புத்தகம் இருக்கட்டும். அலுமாரி இருந்த வீடே இல்லை.

எங்கள் குஞ்சியப்பு ஒரு பெட்டிக் கமரா வைத்திருந்தார். ஒரு சுருளில் எட்டுப் படந்தான் விழும். ஆகையால் அவர் கமராவைத் தூக்கினால் வீடே அமர்க்களப்படும். தலை வாரி, பவுடர் பூசி, வேட்டியைச் சரிசெய்து, எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அப்படி ஒரு கலியாண நாளில் எடுத்த படத்தின் பிரதி ஒன்றைச் சிரம்பானில் இருந்த பெரியம்மாவுக்குத் தபாலில் அனுப்பியிருந்தோம். ஊரில் இருந்த படங்கள் யாவும் போயின. கடல் கடந்து போன அந்த ஒன்று மட்டும் பிழைத்தது.

மீளத் திரும்பிய பின்னர் அந்தப் படம் எங்கள் கைக்கு வந்தது. நாம் அதிலே முதலிற் பார்த்தது மாப்பிள்ளையையா? இல்லை. மாப்பிள்ளைக்குப் பின்னால், ஓரமாய், பாதி தெரிந்த கிணற்றுக் கட்டைப் பார்த்தோம். பற்றையும் மண்மேடுமாய்க் கிடந்த வளவிலே எங்கள் எல்லை எது, அயலவர் எல்லை எது என்று தெரியாமல் அலைந்த நாட்கள் அவை. தூர்ந்துபோன கிணற்றைத் தேடிப் பிடித்து, படத்தில் உள்ளபடி அங்கிருந்து வாசற்படிக்கு அடியளந்து பார்த்தோம். அயல்வீட்டு அண்ணரும் படத்தைப் பார்த்து, “ஓம், படலை இதிலேதான்” என்று ஒத்துக்கொண்டார். வழக்கில்லை, வாய்ச்சண்டையில்லை. குஞ்சியப்பு அந்தக் கிணற்றைப் படம் பிடிக்க நினைத்தவரே அல்லர். அவர் உயிரோடிருந்தால், கிணறு உள்ளே வந்துவிட்டதே என்று வருத்தப்பட்டிருப்பார்.

நாம் இன்று சொல்லவந்தது இதைத்தான். விழாப் படங்கள் நம்மிடம் நிறைய உண்டு. நாளாந்தப் படங்கள் இல்லை. வலை பொத்தும் கிழவர், விடியற்புறத்து மீன் ஏலம், ஒழுங்கை முடக்கு, பள்ளிக்கூடப் படலை, ஆச்சியின் அடுப்படி ஆகியவற்றைப் படமெடுப்பார் இல்லை. தினமும் காண்பவற்றை எடுப்பானேன் என்ற நினைப்பு.

எடுப்பதற்கு இன்று தடையென்ன? 1900ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் கொடாக் கொம்பனியார் பிறவுனி என்னும் பெட்டிக் கமராவை ஒரு டொலருக்கு விற்று, சாதாரண மக்கள் கையிலும் படக்கலையைக் கொடுத்தார்கள். அதே கொம்பனியில் 1975ஆம் ஆண்டு ஸ்ரீவன் சாசன் என்னும் இளம் பொறியியலாளர் சுருளில்லாத முதற் கமராவைச் செய்தார். அது ஏறக்குறைய எட்டு இறாத்தல் நிறை. பத்தாயிரம் புள்ளிகளால் ஆன ஒரு படத்தை நாடாவிற் பதிய 23 செக்கன் எடுத்தது. அந்தக் குழந்தை வளர்ந்து, 2010ஆம் ஆண்டில் உலகமெங்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட சிறு கமராக்கள் ஒரே ஆண்டில் விற்பனைக்கு வந்தன. பிறகு கைத்தொலைபேசி வந்து அவற்றை விழுங்கிவிட்டது. 2023இல் அந்தத் தொகை இருபது இலட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. சுருளை நம்பியிருந்த கொடாக் கொம்பனியே 2012இல் வங்குரோத்து மனுக் கொடுக்க நேர்ந்தது. வெளிநாட்டு உறவினர் வீடுகளிலே இத்தகைய சிறு கமராக்கள் மேசை லாச்சிகளில் சும்மா தூங்குகின்றன. கேட்டாற் தருவார்கள், பழையதாய் வாங்கினாலும் ஒரு கைத்தொலைபேசியின் விலை வராது.

“கையிலே தொலைபேசி இருக்க இது எதற்கு?” என்று வாலிபர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெளிச்சங் குறைந்த இடத்திலே புதிய தொலைபேசி இதைவிட நன்றாய் எடுக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். இராத்திரித் திருவிழாவைச் சின்னக் கமராவால் எடுத்தால் படம் மணல் தூவினாற்போல இருக்கும். அதன் மின்னொளியும் பத்துப் பன்னிரண்டு அடிக்கு அப்பாற் செல்லாது. ஆனாலும், உங்கள் தொலைபேசியைப் பத்து வயதுத் தம்பியிடமோ எழுபது வயது ஆச்சியிடமோ ஒரு கிழமைக்குக் கொடுத்து வைப்பீர்களா? மாட்டீர்கள். சின்னக் கமராவைக் கொடுக்கலாம். ஆச்சி எடுக்கும் படமும் நீங்கள் எடுக்கும் படமும் ஒன்றல்ல. அன்றியும், தொலைபேசி கடலில் விழுந்தால் அதனுள் இருந்த ஆயிரம் படமும் மீனுக்குத்தான்.

புள்ளிகள் எத்தனை என்று பார்த்து மயங்க வேண்டாம். ஆறங்குலம் நாலங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்கிட்டால், 1800ஐ 1200ஆற் பெருக்க இருபத்தொரு இலட்சத்து அறுபதினாயிரம் புள்ளிகளே வேண்டும். பழைய சிறு கமராக்களிற் பலவற்றிலும் அது உண்டு. ஆனால் 2006க்கு முந்திய கமராக்களிற் பல, இக்காலத்துப் பெரிய நினைவட்டைகளை ஏற்கமாட்டா. வாங்குமுன் போட்டுப் பாருங்கள். பற்றரி வீங்கியிருந்தால் தொடவே வேண்டாம். நம்முடையது கடற்கரை ஊர். வில்லை வெளியே நீளும் இடத்தில் ஒரு மணற் பருக்கை புகுந்தாற் போதும், பல்லுச் சக்கரம் இறுகிவிடும். ஆகவே வாடியில் எடுத்தால் உடனே மூடி, துணியால் உப்பைத் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். முக்கியமாய்த் திகதியைச் சரிப்படுத்துங்கள். எங்கள் கமராவின் பற்றரி ஒருமுறை இறந்து, திகதி பழையபடி தொடக்கத்துக்கே போய்விட்டது. கவனியாமல் எடுத்த படங்களின்படி, பெறாமகளுக்குக் காது குத்தியது அவள் பிறப்பதற்குப் பல ஆண்டு முன்னர்!

எடுத்த படத்தை என்ன செய்வது? மாதம் பத்துப் படத்தையாவது கடதாசியில் அச்சடித்து, பின்புறத்தில் பெயர், இடம், நாள் எழுதுங்கள். பிரதியை மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். சிரம்பான் பெரியம்மாவை மறக்கவேண்டாம். 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தார் நம்மவரின் ஆவணங்களை இணையத்திலே பேணி வருகிறார்கள். அவர்களோடும் தொடர்பு கொள்ளலாம். யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் 1981இல் எரிந்ததைக் கண்ட தலைமுறைக்கு, ஒரே இடத்தில் ஒரே பிரதியை வைப்பதன் ஆபத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

வலிகாமம் வடக்கில் இன்னும் விடுபடாத காணிகள் உள. அவற்றின் உரிமையாளர் பலர் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்கள் வேலிக்கு வெளியே நின்று, “அந்தத் தென்னைக்கு நேரே எங்கள் வீடு” என்று கைகாட்டும்போது ஒரு படம் எடுத்து, சொல்வதை எழுதி வையுங்கள். இந்த வேலைக்குத் தவணை சொல்ல முடியாது.

சங்கத்துக்கு இரண்டு கமரா சேர்ந்திருக்கிறது. வரும் ஞாயிறு தொடக்கம் கிழமைக்கு ஒரு வீடாகச் சுற்றிவரும். முதல் வீடு யாருடையது என்று திருவுளச் சீட்டுப் போட எண்ணியிருந்தோம். ஆனால் சற்றுமுன் முன்வரிசையிலிருந்து ஆச்சி ஒருவர், “மோனை, அதை எங்கே அமத்திறது?” என்று கேட்டுவிட்டார். ஆதலால் அவர் வீட்டுக்கே முதலிற் போகிறது.